அக்கா விழவில்லை

என் அக்கா கடைசியாக முழுசாகக் கேட்ட வாக்கியம் எது என்று எனக்குத் தெரியும். "சொல்லிக் குடுத்தத மட்டுந்தான் சொல்லணும்னு சொன்னேனே, ஒன் காதுல விழலையா?" சொன்னவர் எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். சொல்லி முடித்த கையோடு, விரித்த இரண்டு உள்ளங்கைகளாலும் அவளுடைய இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் அறைந்தார், கனத்த புத்தகத்தைப் பட்டென்று மூடுவது மாதிரி. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தங்கை எனக்கு ஒன்பது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவள் காதுக்குள் இருந்தது வெறும் இரைச்சல், சில மாதம் கழித்து அதுவும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். உடும்பஞ்சோலைப் பக்கம் மலைச்சரிவில் ஓர் ஏலக்காய்த் தோட்டம். பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுவது அப்பாவின் வேலை. அம்மா காய் எடுக்கப் போவாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம் பேர் லயத்தின் வரிசை வீடுகளில் இருந்தோம். எங்களுக்கென்று இருந்தது தகரக் கூரை போட்ட ஒரே ஒரு ஹால். திங்கள் முதல் வெள்ளி வரை அது பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையை வெள்ளைத் துணியால் மூடி, மேஜைமேல் ஒரு மரச் சிலுவையை வைத்துவிட்டால் அதுவே கோயில். போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் மாதம் ஒருமுறைதான் கீழிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவரும் ஹெட்மாஸ்டர்தான். வெள்ளிக்கிழமை பிரம்பு பிடித்த கை ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைக்கு மேல் உயர்ந்து ஆசீர்வதிக்கும். எல்லோருக்கும் அவர் சார். அவருக்கு வேறு பெயர் இருந்ததே எனக்குப் பின்னால்தான் தெரியும். இங்கேயும் அந்தப் பெயரை எழுதப் போவதில்லை.

சார் கெட்டவர் என்று லயத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடிதம் வந்தால் வாசித்துக் காட்டுவார். பிரசவ வலி என்றால் ஜீப் கேட்டு மேனேஜர் பங்களா வாசலில் மழையில் நிற்பார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. இவற்றைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். அவரிடம் கடன்பட்டதாக நினைக்காத ஒரு குடும்பம்கூட அங்கே இல்லை. அவருக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஏலம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். களை பிடுங்க வேண்டும், செடியின் தூரில் கிடக்கும் சருகை அள்ள வேண்டும். மழைக்காலத்தில் கால் முழுக்க அட்டை ஏறும். அக்கா சாயங்காலம் வீட்டுக்கு வந்து உப்பைத் தேய்த்து ஒவ்வொன்றாக உதிர்ப்பாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். "சாருக்கு ஒரு ஒத்தாசைதானட்டி" என்பாள் அம்மா.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டயம் பக்கத்து மலையாளி, வயதானவர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நடப்பார். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சார் எங்களுக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். பிற்பகலில் என்ன பாடம்? சரித்திரமும் தையலும். நாங்களும் ராகம் போட்டுச் சொல்லிப் பழகியிருந்தோம். ஆனால் வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். வரிசையாக நின்ற பெரிய பிள்ளைகளின் கணுக்கால்களில் காய்ந்த ரத்தப் பொட்டுகள். அக்காவின் முன்னால் குனிந்து, "எந்தா மோளே, காலு முழுவன் அட்டை கடிச்சிட்டுண்டல்லோ?" என்று கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அதுதான் அக்காவைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"உச்சைக்கு மேல சாரோட ஏலத்துல களை எடுக்கோம் சார். அங்க அட்டை ஜாஸ்தி" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து சாரைப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டார். டீ குடித்தார். ஜீப் ஏறினார். அவர் எழுதியது எந்த ஆபீசில் எந்தக் கட்டுக்குள் போயிற்றோ, தெரியாது. சார்மேல் ஒரு தூசிகூட விழவில்லை. ஜீப் சத்தம் வளைவில் மறைந்த பிறகு சார் அக்காவை முன்னால் கூப்பிட்டார். அவர் அறைந்ததும் அவள் கீழே விழவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் வந்தது. கீழ் வகுப்பு டீச்சர் சுவரில் தொங்கிய இந்தியா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் நாற்பது பிள்ளைகள் இருந்திருப்போம். எல்லோரும் பார்த்தோம்.

மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. காதில் சீழ் வைத்துவிட்டது. கம்பவுண்டர் பஞ்சு வைத்தார். அம்மா அவளை எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். கேள்வி அவளுக்குக் கேட்டால்தானே பதில் சொல்ல? அனத்திக்கொண்டு கிடந்தாள். ஆனாலும் சார் அடித்தார் என்று லயத்தில் பேச்சு பரவிவிட்டது. சபைக் கமிட்டி கூடுவதாகத் தெரிந்தது. அதற்கு முந்தின நாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரம்பு இல்லை, கோபமும் இல்லை. "ஒங்கப்பா வேலைக்கு நாந்தான் மேனேஜர்ட்ட சொன்னேன், தெரியுமா? ஒங்கக்கா படியில வழுக்கி விழுந்துட்டா. நீ பாத்த. அப்படித்தான?" என்றார். நான் தலையை ஆட்டினேன். பிறகு அவர் சிரித்துக்கொண்டே, "இந்தக் கிறிஸ்மஸ் நாடகத்துல நீதான் தேவதூதன்" என்றார்.

பயத்தால் பொய் சொன்னேன் என்று பல வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பயமும் இருந்தது. ஆனால் அன்றிரவு படுக்கையில் நான் நினைத்துக்கொண்டிருந்தது அப்பாவின் வேலையை அல்ல, ஜரிகைக் காகிதம் ஒட்டிய சிறகுகளை. பக்கத்தில் என் அக்கா காய்ச்சலில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தாள். இதை எழுதும்போது எனக்கு என்மேல் வரும் ஆத்திரம் சார்மேல் வருவதற்குக் குறைந்ததல்ல. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலும் ஆத்திரம்தான் வருகிறது. எனக்குத் தெரிந்திருந்தது.

கமிட்டியில் ஐந்து பேர். ஐயரும் வந்திருந்தார். வேதாகமத்தின்மேல் கை வைக்கச் சொல்லி, "பயப்படாம சொல்லும்மா" என்றார் அவர். "படியில விழுந்துட்டா" என்றேன். "நீ கண்ணால பாத்தியா?" "பாத்தேன்." செயலாளர் மினிட் புத்தகத்தில் எழுதினார். பள்ளிக்கூடப் படியில் தவறி விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்றும், கூடப்பிறந்த தங்கையே சாட்சி என்றும், சபையார் வதந்தி பேசுவதைத் தவிர்க்கவேண்டும் என்றும் தீர்மானம். ஜெபம் பண்ணி முடித்தார்கள். சார் என் தலையைத் தடவினார்.

காய்ச்சல் விட்டும் சீழ் நிற்காததால் அப்பா அக்காவைக் கம்பத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். டாக்டர் சின்ன விளக்கை வைத்து இரண்டு காதுகளையும் பார்த்தார். "விழுந்தா ஒரு பக்கம் அடிபடும். ரெண்டு சவ்வும் ஒண்ணா எப்படிய்யா கிழியும்? யாரு அடிச்சது பிள்ளைய?" என்று அதட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வதந்தி என்று தள்ளியது உண்மைதான் என்று அந்த ஒரு நொடியில் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மலையேறித் திரும்பி, வீட்டு வாசலில் வந்துதான் சொன்னார்: "கர்த்தர் பாத்துக்கிடுவாரு. நம்ம வாயத் தொறக்க வேண்டாம்." அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல சாருக்கு முன்னால் முழங்காலில் நின்றார். எந்தக் கர்த்தர், எப்போது பார்த்துக்கொள்வார் என்று கேட்க எனக்கு அன்று வயதில்லை.

கிறிஸ்மசுக்கு நான் சிறகு கட்டிக்கொண்டு மேஜைமேல் ஏறி நின்றேன். முன்வரிசையில் அக்கா காதில் பஞ்சோடு உட்கார்ந்து, என் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. கமிட்டி கூடியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அக்காவின் படிப்பு அத்தோடு நின்றது. கொஞ்சம் வளர்ந்ததும் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். என்னால் தாங்க முடியாமல் போனது அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள்தான். ஒரு வாரம் தவறாமல் கோயிலுக்குப் போவாள். அந்த ஹாலுக்கு, அடி வாங்கிய அதே இடத்துக்கு நாலடி தள்ளி உட்காருவாள். பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துப் பாடவும் செய்வாள். ராகம் இருக்காது. சபை இரண்டாம் சரணத்துக்குப் போயிருக்கும்போது அவள் முதல் சரணத்தின் கடைசி அடியில் உச்சக் குரலில் நிற்பாள். பிள்ளைகள் சிரிக்கும். ஒரு நாள் சார் மேஜைக்குப் பின்னாலிருந்து விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். வாயை மூடு என்று. அவளைச் செவிடாக்கிய மனிதன், அவள் பாட்டு தன் காதுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றான்! அக்கா அவரை நேராகப் பார்த்துக்கொண்டே அடுத்த அடியைப் பாடினாள்.

"ஏங்க்கா அங்க போற? ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டிருக்கிறேன். அப்போது நான் கீழே கம்பத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போவதை விட்டிருந்தேன்.

"நான் என்னத்துக்கு வெக்கப்படணும்? அது அவிய வீடா? நான் அவியளப் பாக்கவா போறேன்?" என்றாள், தன் குரலின் அளவு தனக்கே தெரியாத சத்தத்தில். சாரை அப்போதும் 'அவிய' என்றுதான் சொன்னாள். அந்த மரியாதை என்னை எரித்தது.

எனக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும்போது சார் ஓய்வு பெற்றார். ஹாலில் பிரிவுபசாரம். மாலை, சால்வை, மாட்டுவதற்குச் சட்டம் போட்ட அவருடைய பெரிய படம். அக்கா என்னை வரச்சொல்லிக் கார்டு போட்டிருந்தாள். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நிகழ்ச்சியில் அக்காவும் பேச வேண்டுமாம். செயலாளர் அவளிடம் வந்து, சாரை மன்னித்துவிட்டதாக எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னால் சபைக்கு நல்ல சாட்சியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அடியே விழவில்லை என்று எழுதி வைத்தவர்கள் மன்னிப்பை மட்டும் கேட்டு வாங்க வந்திருந்தார்கள். எதற்கு மன்னிப்பு என்று அவர்களுக்கே உறைக்கவில்லை.

அக்கா முன்னால் போய் நின்றாள். ஸ்டோரிலிருந்து நேராக வந்திருந்ததால் சேலையில் ஏலக்காய் வாசம். சாரைப் பார்த்து, "நீங்க எங்கிட்ட மன்னிப்பு கேக்கவே இல்லியே சார். கேக்காததுக்கு நான் எப்படிக் குடுக்க?" என்றாள். பிறகு சபையின் பக்கம் திரும்பினாள். "என்னய அடிச்சாவ. நான் செவிடானது அதுலதான். எனக்குச் சால்வ வேண்டாம். இத சபை நோட்டுல எழுதுங்க, போதும்."

சார் கழுத்து மாலையை நெருடிக்கொண்டு, "இந்த வயசுல எனக்குப் பழசெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு" என்றார். செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. பீரோவைத் திறந்து பழைய மினிட் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "வாசிச்சுப் பாரு. சாட்சி சொன்னது ஒந்தங்கச்சி."

அவள் வாசித்தாள். விரல் வைத்து மெதுவாக வாசிப்பாள். அந்த விரல் என் பெயரில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். நான் எழுந்து அப்போதே சொல்லியிருக்கலாம். பதினாறு வயதில், கோயிலையும் கடவுளையும் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு வாக்கியம் சொல்லத் தைரியமில்லை. ஐயர் அவசரமாக எழுந்து நிறைவு ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அக்கா மூடவில்லை. நானும் மூடவில்லை. அந்த ஜெபம் முடிகிறவரை அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் காலில் விழுந்து அழுதேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். திட்டக்கூட இல்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. லீவுக்கு வந்தால் தட்டில் சோறு வைப்பாள், ஆனால் என் வாயைப் பார்க்க மாட்டாள். உதட்டைப் பார்க்காவிட்டால் அவளுக்கு நான் இல்லாத மாதிரிதானே. அப்படிப்பட்ட தண்டனையை எந்தப் பிரம்பாலும் கொடுக்க முடியாது. அது எனக்கு வேண்டியதுதான்.

அவள் கோயிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை, கேட்பதையும் நிறுத்தவில்லை. பழைய ஐயர் மாற்றலாகி இளவயதுக்காரர் ஒருவர் வந்தார். மாதா மாதம் ஆராதனை முடிந்து அவர் வெளியே வரும்போது அக்கா வாசலில் ஒரு காகிதத்தோடு நிற்பாளாம். 'மினிட் புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதியது பொய். திருத்துங்கள்.' ஒவ்வொரு மாதமும் அதே காகிதம். முதலில் அவர் புன்னகைத்தார். பிறகு ஜெபிப்பதாகச் சொன்னார். பிறகு பின்வாசல் வழியாகப் போனார். அவள் பின்வாசலில் போய் நின்றாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: சாட்சி சொன்னவளே வந்து சபைக்கு முன்னால் மாற்றிச் சொல்ல வேண்டும்.

நான் அப்போது நாகர்கோவிலில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். கார்டு வந்தது. மூன்று வருஷத்தில் அவளிடமிருந்து வந்த முதல் எழுத்து. 'வருகிற ஞாயிறு வா. பொய்யை மாற்றிச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டு வா.' அன்புள்ள என்றும் இல்லை, இப்படிக்கு என்றும் இல்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை. அடித்தவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு நம்பிக்கை திரும்பவில்லை. அக்கா இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறாள். எங்கள் இருவரில் யார் சரி என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஹாலுக்குத் தளக்கல் பதித்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. சாரின் படம் மட்டும் சுவரிலேயே இருக்கிறது. அவர் சொந்த ஊருக்குப் போய், பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நிம்மதியாகப் படுக்கையில் செத்தார். கடைசிவரை அவளிடம் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதி கிடைத்தது என்று இந்தக் கதையை முடித்துவைக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த ஞாயிறு நடந்தது. பாட்டு முடிந்ததும் இளைய ஐயர் என்னை முன்னால் அழைத்தார். பின்வரிசையில் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அக்கா தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, எனக்கு நேர் எதிரே ஒரு கை தூரத்தில் நின்றாள். சபைக்கு அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் கண் என் வாய்மேல் வந்து நின்றது.

"மெதுவா வாசி. எனக்குத் தெரியணும்" என்றாள்.

எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தேன். "என் அக்கா படியில் விழவில்லை. நான் பொய் சொன்னேன். ஹெட்மாஸ்டர் என் அக்காவை இரண்டு காதிலும் அடித்தார். நான் பார்த்தேன்." யாரோ இருமினார்கள். செயலாளர் பேனாவைக் கையில் பிடித்தபடி ஐயரைப் பார்த்தார். ஐயர் எழுதும்படி தலையசைத்தார். போய் உட்காரத் திரும்பிய என் தோளை அக்கா பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தில் கனிவும் இல்லை, கண்ணீரும் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "அவிய எழுதி முடிக்கட்டும்."

சொன்னேன். செயலாளரின் பேனா நிற்கும்வரை, ஒவ்வொரு சொல்லாக, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.